பதினொன்று வெளியே, நாலு உள்ளே

எண்பத்து நாலாவது நிமிஷம்.
ஒன்றுக்குப் பூஜ்யம், நாம்தான் முன்னால்.
ஞானதாஸ் சார் பலகையைத் தூக்கச் சொன்னார்.
சிவப்பில் பதினொன்று, பச்சையில் நாலு.

பதினொன்று ஆறுமுகநயினார்.
நாலு மைதீன்பிச்சை.
ஓடுகிறவன் வெளியே,
நிற்கிறவன் உள்ளே.

இதைத்தான் ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்,
மிஷின் ஒரு தாளை விழுங்கி
ஒரு தாளைத் துப்புகிற இடைவெளியில்,
ஹால் டிக்கெட் பிரதி எடுக்க வருகிற பையன்களிடம்,
ஆதார் அட்டையை முன்னும் பின்னும் கேட்ட ஒரு அக்காவிடம்கூட.
"அந்தப் பயல ஏன் எடுத்தாரு, நீங்களே சொல்லுங்க."
"சில்லறை இல்லையே தம்பி" என்றாள் அக்கா.

ஆடி மாதம் பாளையங்கோட்டையில்
பந்து உதைக்கிறவனுக்கு
எதிரணி இரண்டு.
ஒன்று நாகர்கோவிலிலிருந்து வேனில் வந்திருந்தது.
மற்றது அரியங்காவுக் கணவாய் வழியாக.
முதல் பாதி மேல்காற்று நம் முதுகில்.
நம்முடைய கோலை அதுதான் போட்டது என்றும் சொல்லலாம்,
சொல்ல மாட்டேன்.
இரண்டாம் பாதி முகத்தில்.
மைதானத்துக் கொடிகள் அத்தனையும்
நம் கோலைக் காட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றன.

அந்தக் காற்றில் பின்னால் ஒரு ஆளைப் போட்டு என்ன செய்ய?
மைதீன் ஓங்கித்தான் உதைத்தான்.
பாதி வானம் ஏறிய பந்து
கொஞ்சம் யோசித்து,
மறந்துவிட்டுப் போன செருப்பைத் தேடி வருகிறவன் மாதிரி
திரும்பி வந்தது.
மறுபடி உதைத்தான்.
மறுபடி வந்தது.

நயினார் இருந்திருந்தால்
கொடி மூலைக்குப் பந்தைக் கொண்டுபோய்
காலுக்கடியில் வைத்துக்கொண்டு,
அசல் வராமல் நகர மாட்டேன் என்று
வாசலில் நிற்கிற வட்டிக்காரனாய்
முதுகைக் காட்டி நின்றிருப்பான்.
இரண்டு பேர் அவனைச் சுரண்டியிருப்பார்கள்.
ஒரு நிமிஷம் போயிருக்கும்.
த்ரோ. இன்னொரு நிமிஷம்.

எண்பத்தெட்டில் ஒன்று வாங்கினோம்.
தொண்ணூற்று இரண்டில் ஒரு கார்னர்.
உதைத்தவன் பாதிதான் உதைத்தான்,
மிச்சத்தைக் காற்று வளைத்துக் கொடுத்தது.
ஏசுவடியான் இரண்டு கையையும் தூக்கியபடி
ஜெபக்கூட்டத்தில் நிற்பதுபோல் நின்றான்.
பந்து அவனுக்குப் பின்னால் வலையில்.

சரி.
ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.
எண்பத்து மூன்றில், கம்பிவேலியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு,
"சார், பின்னால ஒரு ஆளப் போடுங்க சார், பின்னால!"
என்று தொண்டை கிழியக் கத்தியது நான்.
பக்கத்தில் நின்ற சங்கரபாண்டிக்குத் தெரியும்.
அவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான், நல்லது.
சார் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.
நான் கத்தியது தப்பு,
அவர் செய்தது தப்பு,
இரண்டும் ஒரே தப்பு ஆகாது.
எனக்குச் சம்பளம் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தார்.
அடுத்த வருஷத்து ஆள் பட்டியல், பன்னிரண்டு பிரதி.
பதினொன்றுக்கு நேரே நயினார் பெயர்
அடிக்கப்பட்டு,
மேலே திரும்ப எழுதப்பட்டு,
அதுவும் அடிக்கப்பட்டு,
ஓரத்தில் பென்சிலில் இன்னொரு தரம்.

ஏழு மாதம் தீட்டி வைத்த கேள்வி
நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
"ரெண்டு பக்கமும் எடுக்கணுமா சார்?" என்றேன்.
"ஒரு பக்கம் போதும்."
எடுத்த தாள்களை மேஜையில் அடுக்கப் பார்த்தார்.
ஒன்று பறந்தது, பிடித்தார்.
இன்னொன்று பறந்தது.
"அந்த ஃபேன நிறுத்தும்வே,
காத்துக்கு எதிர ஒண்ணும் நிக்க மாட்டேங்கு."

நிறுத்தினேன்.
இறக்கை சுற்றி ஓய்கிறவரை
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இருபத்து நாலு ரூபாய்.
இருபத்தைந்து தந்துவிட்டுப் படி இறங்கிப் போனார்.
மிச்சம் ஒரு ரூபாயைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம்.
முருகன்குறிச்சி சிக்னல் வரைக்கும்
தெரிந்துகொண்டேதான் இருந்தது அவர் முதுகு.