ஐம்பத்தெட்டாவது பிளேடு

ஷார்ஜா, ஆகஸ்ட், இரவு இரண்டே கால்.
ஹேங்கர் கதவு பாதி திறந்திருக்கிறது.
உள்ளே வருவது காற்று அல்ல,
ஈரத்துணி.

என்ஜினின் விலாவில்
பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை.
அதன் வழியே கேமராவை அனுப்புகிறேன்.
நுனியில் விளக்கு, சொன்ன பக்கம் திரும்பும் தலை.
பாம்பு என்று எழுதலாம்தான்.
ஆனால் போன வருடம் என் பித்தப்பையை
இப்படி ஒன்றை விட்டுத்தான் எடுத்தார்கள்.
எனக்குப் பாம்பு நினைவுக்கு வருவதில்லை,
தொப்புளுக்கு மேலே லேசாக இழுக்கிறது.

மறுபக்கம் ரொடெல் கைப்பிடியைச் சுற்றுகிறான்.
ஒரு பல். இன்னொரு பல்.
எமிகிரேஷன் வரிசை மாதிரி
பிளேடுகள் ஒவ்வொன்றாக வந்து
கேமராவுக்கு முகம் காட்டிப் போகின்றன.
மொத்தம் எண்பது.

எது எந்தச் சூட்டில் உருகுமோ
அதைவிடக் கூடுதல் சூட்டில்தான் அதற்கு வேலை.
உருகாமல் நிற்பது
உடம்பெங்கும் உள்ள ஊசிமுனைத் துளைகளால்.
அவற்றில் கசியும் குளிர்ந்த காற்று
மேலே போர்வையாகப் படர்கிறது.
அந்தக் குளிர்ந்த காற்றே அறுநூறு டிகிரி.
இந்த ஊரில் இதை
யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மார்ச்சிலிருந்து ஒரு புது மென்பொருள்.
நாங்கள் பார்ப்பதை அதுவும் பார்க்கும்,
பிடிக்காததைச் சிவப்புக் கட்டத்தில் அடைக்கும்.
நாற்பத்தொன்றை அடைத்தது:
விரிசல், நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.
விளக்கைச் சாய்த்தேன். கோடு நகர்ந்தது.
விரிசல் நகராது.
நிழல், என்று பதிந்தேன்.
நன்றி, என்றது.
அதற்குக் கோபம் வராது, அது ஒரு வசதி.

ஐம்பத்தெட்டுக்குப் பச்சை காட்டி அனுப்பிவிட்டது.
நானும் அனுப்பியிருப்பேன்.
ரொடெல் தும்மினான்.
கைப்பிடி அரைப் பல் பின்னால் போனது.
போன பிளேடு திரும்பி வந்து
பளபளத்தது.

பளபளக்கக் கூடாது.

ஏறும்போதும் இறங்கும்போதும் விழுங்கிய மணல்,
கோதுமை மாவைவிட நைசான மணல்,
உள்ளே உருகி
கண்ணாடியாகித்
துளைகளின் வாயை அடைத்திருந்தது.
ஒன்று. இரண்டு.
கையேடு இரண்டு வரைக்கும் மன்னிக்கும்.
மூன்று.
நான்கு.
தேன் நிறம். உடைந்த வளையல் போல
அழகாக இருந்தது, ரிப்போர்ட்டில் அதற்கு இடமில்லை.

அது படித்த படங்களில் பனிநாட்டு என்ஜின்கள் அதிகம்,
நம்ம மணல் அதுக்குத் தெரியாது, என்றேன்.
நம்மதா? என்றான் ரொடெல்.
பதினோரு வருடம். பதில் வரவில்லை.
நான்கு துளைகளையும் சுற்றிக் கோடு வரைந்து
கண்ணாடி, என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தேன்.
நன்றி, என்றது.

படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது இப்போது.
முத்திரை மட்டும் என் பையில்.
பறக்கத் தகுதியில்லை என்று எழுதி அழுத்தினேன்,
மை சரியாகப் பிடிக்காமல்
இன்னொரு முறை.

மூன்றே முக்காலுக்கு மகுதூம்,
டெர்மினலிலிருந்து, திருச்சிக்குப் போகிறவன்:
"டெக்னிக்கலாம். நாலு மணி நேரம் லேட்டு.
ராத்திரி உங்க ஆளு எவனோ தூங்கிட்டான்டா.
புள்ளைக்கு கேக்கு வாங்கி வச்சிருக்கேன்,
கிரீம் இளகுது."

இருக்கும், என்றேன்.
ஏசி பக்கமா வை.

ரொடெல் மூக்கைத் துடைத்துக்கொண்டு
ஐம்பத்தொன்பதைக் கொண்டுவந்தான்.