ஏனென்றால்

கொட்டாஞ்சேனை. நாலாம் மாடி.
லிஃப்ட் ஓகஸ்டிலிருந்து வேலை செய்யவில்லை.
ஏறிவந்த மூச்சு அடங்குமட்டும்
ஒருவரும் செபத்துக்கு அவசரப்படுவதில்லை.
எமில்டா கொரேராவின் மேசையில் சவுக்கிலை வளையம்,
ஊதா மூன்று, ரோசா ஒன்று.
ஜம்பட்டா வீதியில் வாங்கிய திரிகள்;
ஒன்று பிறவியிலேயே ஒரு விரல் கட்டை.

கடிதங்களை எழுதியவர்
ஏதோ ஒரு மடத்தில் சமையல் பார்த்த சகோதரி.
கையெழுத்திருக்கவேண்டிய இடத்தில் சின்னச் சிலுவை மட்டும்.
யாருக்கென்று தெரியும்: "அன்புள்ள லெயோனிக்கு."
லெயோனி யாரென்று தெரியாது.
பங்குக் கந்தோரின் அலுமாரியைத் துடைத்தபோது
கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே கிடந்தவை.
நான் வேலை செய்யும் கிளியரிங் கம்பனியில்
மனேஜர் சாப்பிடப் போன நேரம்
எட்டுப் பிரதி எடுத்தேன்.
அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும்.

"செபிக்க முடியாத நாளில்
உருளைக்கிழங்கு உரி, லெயோனி.
தோலை மெல்லியதாக உரி."
இதுதான் முதல் ஞாயிறு.
பெனில்டஸ் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்:
"இதிலே ஆன்மீகம் எங்கே?"
ரொமால்ட் வாய் திறக்கவில்லை.
துறைமுகத்தில் கிறேன் ஓட்டுகிறவர்;
எட்டு மணித்தியாலம் வானத்தில் தனியே இருந்துவிட்டு
கீழே வந்தும் பேச ஒன்றும் இல்லாதவர்.

அடுத்த கிழமை கரண்ட் இல்லை.
இரண்டு திரிகளை நோக்கி எல்லாத் தலைகளும் குனிந்தன.
நிரோமி தன் பிரதியில்
தமிழ்ச் சொற்களுக்கு மேலே
எறும்பு வரிசையாய்ச் சிங்களம் எழுதியிருந்தாள்.
அவள் வாசிக்கும்போது
எங்களுக்குப் பழகித் தேய்ந்த சொற்கள்
ஒவ்வொன்றாகப் படியேறி வந்தன.

ரோசாத் திரியின் ஞாயிறு, மகிழவேண்டிய ஞாயிறு,
ஜெசிந்தாவின் முறை.
மகனின் இத்தாலி விசா மூன்றாம் தடவையும் திரும்பிவிட்ட கிழமை.
"இந்த இருட்டுக்கு நீ பயப்படாதே, லெயோனி.
ஏனென்றால்"

தாள் முடிந்துவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
மறுபக்கத்தைப் பிரதி எடுக்க மறந்திருந்தேன்.

கீழே கொத்துரொட்டிக் கடையில் தகடு தட்டும் சத்தம்.
பாங்கு முடிந்து ஒரு கப்பல் ஊதியது.
"ஏனென்றால் நான் உன்னோடு இருக்கிறேன்,
வேதத்திலே அப்படித்தானே வரும்,"
மாஸ்டர் பிழை திருத்துகிற குரலில் சொன்னார்.
"அது வேதம். இது அவ எழுதினது,"
என்றாள் ஜெசிந்தா. தாளைக் கீழே வைக்கவில்லை.
நிரோமி கணவனிடம் மெல்லக் கேட்டாள்,
ஏனென்றால் என்றால் என்ன?
"மொகத," என்றான் அவன்.
அவள் சிரித்தாள். அவளுடைய பேச்சில்
காரணம் சொல்லத் தொடங்குவதும் அந்தச் சொல்தான்,
காரணம் கேட்பதும் அதுதான்.
அன்றைக்கு அவ்வளவும்தான்.
கேக்கை விண்டோம், படியிறங்கினோம்.

திங்கட்கிழமை மூலத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு கிழமை முழுக்க அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு
155ஆம் பஸ்ஸில் போய்வந்தேன்.
சொல்லாமலே விடலாம் என்றும் நினைத்தேன்.
இதற்குப் பிந்திய கடிதம் உயிர்ப்புத் திருநாளுக்கு அப்பால்,
அதுவும் காணாமற்போன ஒரு குடையைப் பற்றி.

நாலாம் ஞாயிறு, நாலு திரியும் நாலு உயரத்தில் எரிய,
வாசித்தேன்:
"மணி அடிக்கிறார்கள்.
பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வருகிறது.
உப்புப் போட்டேனோ, ஞாபகமில்லை.
மிகுதி பிறகு."

மாஸ்டர் தாளை வாங்கி
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.
வேறொன்றும் இல்லை.

நெடுநேரம் கழித்து
"போட்டிருப்பா," என்றார் ரொமால்ட்.

எமில்டா சட்டென்று எழும்பி
குசினிக்குள் போனாள்.
மூடி திறக்கும் சத்தம் கேட்டது,
பிறகு கரண்டி,
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.