நூற்று எழுபத்திரண்டு சரிக்குறிகள்

ஜனவரி, பிஸ்மார்க். வெயில் அடிக்கிறது,
ஆனாலும் விடும் மூச்சு மீசையிலேயே உறைகிறது
விற்பனையாளருக்கு. பெயர் கிப் டோஷ்.
கைகுலுக்கும்போதே லியோனா, லியோனா என்று
என் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்க்கிறார்,
சாவி பொருந்துகிறதா என்று திருகுவதுபோல.

சாம்பல் நிறம். ஐந்து வயது. நாற்பத்தோராயிரம் மைல்.
பழைய வண்டி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.
"முன்பு ஒருவர் வைத்திருந்தது" என்கிறார்.
"சான்றிதழ் பெற்றது" என்கிறார்,
பள்ளியில் முதலாவதாக வந்த மகளைச் சொல்வதுபோல.

தானமாக வந்த மாடில்லையே,
பல்லைப் பிடித்துப் பார்க்கலாம் என்று
தாளைக் கேட்டு வாங்கினேன்.
நூற்று எழுபத்திரண்டு சோதனைகள்.
நூற்று எழுபத்திரண்டு சரிக்குறிகள்.
ஒரே பேனா, ஒரே சாய்வு,
மேலிருந்து கீழே, மூச்சு விடாமல்.

இந்தக் கையை எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருடமாக, விடியுமுன் நாலரைக்கு,
டயாலிசிஸ் இயந்திரங்களின் முன் நின்று
இப்படித்தான் தாள்களை நிரப்புகிறேன்:
அழுத்தம், வெப்பம், குளோரின், காற்றுக்குமிழி எச்சரிக்கை.
ஒரே ஒரு காலையில் பார்க்காமல் குறித்தேன்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
அன்று அந்த நாற்காலியில் இருந்தவரின் பெயர்
இன்னும் மறக்கவில்லை.

வாரண்டி பேச ஒரு தனி அறை. ஜன்னல் கிடையாது.
மேசையில் டிஷ்யூ பெட்டி, எதற்கென்று தெரியவில்லை.
ஏழு வருடம் அல்லது ஒரு லட்சம் மைல்,
எது முந்துகிறதோ அது வரை.
இரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து டாலர்.
"மாதத்துக்கு இரண்டு பிட்சா விலைதான்" என்கிறார் டாரென்.
எந்தெந்தப் பாகம் சேராது என்ற பட்டியல்
பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில்.
தேயக்கூடியது எதுவும் சேராது.
தேயாதது எது என்று கேட்டேன்.
அவர் கணினியைப் பார்த்தார்.

குறி போட்டவரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

இதுவரை யாரும் கேட்டதில்லை போலும்.
பட்டறையில் ஆர்லோ ஃபைஸ்ட், கந்தலில் கை துடைத்தபடி.
"எல்லாத்தையும் பார்த்தேன். குறியை மட்டும்
கடைசியா, காபி குடிக்கும்போது மொத்தமாப் போட்டேன்."
பொய் என்றால் காபியைச் சொல்லியிருக்க மாட்டார்.
அல்லது அதற்காகவே சொன்னாரோ.
தாளில் இல்லாதது ஏதாவது உண்டா என்றேன்.

குனிந்தார். கிரில் வழியே தொங்கிய வயரைக் காட்டினார்.
இந்த ஊரில் இரவெல்லாம் வண்டிக்கு மின்சாரம் ஊட்ட வேண்டும்,
இல்லையென்றால் காலையில் இன்ஜின் கல்.
பிளக்கின் கழுத்து பிய்ந்து செம்பு தெரிந்தது.
"முன்னாடி வைத்திருந்தவர் கழற்ற மறந்து கிளம்பியிருக்கார்.
ஒரு தடவை இல்லை. ரெண்டு, மூணு தடவை."

எங்கே போக அவ்வளவு அவசரம்?

நானும் ஒரு பிப்ரவரியில் கிளம்பினேன்,
மருத்துவமனையிலிருந்து என் அண்ணனைப் பற்றிப் போன் வந்ததும்.
ஏழு மைல் ஆரஞ்சு வயரை வாலாக இழுத்துக்கொண்டு
போயிருக்கிறேன். வண்டி நிறுத்துமிடத்தில்
யாரோ ஒரு பையன் சிரித்தான். அப்போதுதான் பார்த்தேன்.

"இதை மாற்ற முடியுமா?"
"வாரண்டியில வராது. வயர் பதினெட்டு டாலர்.
திங்கட்கிழமை கொண்டு வாங்க, நானே மாட்டித் தர்றேன்."

டாரெனிடம் வாரண்டி வேண்டாம் என்றேன்.
சரியா தவறா என்று
ஏழு வருடத்துக்கு யாருக்கும் தெரியாது.
மிச்சம் பன்னிரண்டு தாள்.
ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்.
கிப் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

வெளியே வருகையில் இருட்டியிருந்தது.
வெளியில் அது நாக்கைத் தொங்கவிட்டபடி
பனியில் நின்றிருந்தது.