வில்லங்கச் சான்று

அகழிக்கு எதிரே, புங்க மரத்தடியில் என் மேசை.
பத்திர எழுத்தர், உரிம எண் முப்பத்தொன்று.
மத்தியானம் ரெண்டு மணி வேலூர் வெயிலில்
யாரும் மனை வாங்க வருவதில்லை.
அப்போதெல்லாம் பாழான தாளொன்றின் பின்பக்கத்தில்
கோட்டைக்குப் பத்திரம் எழுதிப் பார்ப்பேன்.

நான்கெல்லை முதலில்.
வடக்கே மணல் ஓடும் பாலாறு,
மணலும் லாரியேறிய பிறகு
பெயர் மட்டும் ஓடும் பாலாறு.
கிழக்கே மொட்டை மலை.
தெற்கே கண்டோன்மென்ட் ரயிலடி.
மேற்கே வெயில்.
இதற்குள்பட்ட
கருங்கல் மதில், கொத்தளங்கள், அகழி, அகழிநீர்,
அதில் முதலைகள் இருந்தனவென்ற பேச்சு,
கோயில் ஒன்று, மசூதி ஒன்று, சர்ச் ஒன்று,
கல் புல் நிதி நிட்சேபம் சகிதம்.

சொத்து விவரம் சுலபம்.
தாய்ப்பத்திரம்தான் தகராறு.

நாயக்கர் கட்டினார் என்கிறார்கள், போட்டுக்கொண்டேன்.
அவருக்குப் பின் பீஜப்பூர்.
பீஜப்பூரிடமிருந்து மராட்டியர், முற்றுகை பதினாலு மாதம்.
பிறகு டெல்லிக்காரர், நவாப், கும்பினி.
எந்தக் கைமாற்றத்திலும்
எழுதிக்கொடுத்தவர் கையொப்பம் இல்லை.
கிரயத்தொகை என்ற கோட்டில்
ரூபாய் எழுதுவதா, தலைகளை எண்ணுவதா?

சாட்சிக்கு
கல்யாண மண்டபத்து விதானக் கிளிகளைப் போட்டேன்.
தலைகீழாய்த் தொங்கியபடி எல்லாம் பார்த்தவை.
கல்கிளி, சொன்னதையும் திருப்பிச் சொல்லாது.

வில்லங்கம் உண்டா?
உண்டு.
ஆயிரத்து எண்ணூற்று ஆறு, ஜூலை பத்து.
கடுக்கனைக் கழற்று, நாமத்தை அழி,
தோல் வைத்த தலைப்பாகையைக் கட்டு என்றது உத்தரவு.
விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள்.
காலை வெயில் ஏறுமுன்
ஆற்காட்டிலிருந்து குதிரைகள் வந்துவிட்டன.
சுவரோரம் வரிசையாய் நிறுத்தப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல்
என்னிடம் இல்லை.
அந்தச் சுவர் அடமானத்தில் இருக்கிறது,
மீட்க ஆளில்லை
என்று மட்டும் எழுதினேன்.

வாடகைதாரர்கள்:
மைசூர் மாளிகைப் பிள்ளைகள், பெண்டுகள்.
கண்டியிலிருந்து கொண்டுவந்த ராசா, பதினாறு வருஷம்,
காலிசெய்து போன இடம் பாலாற்றங்கரை.

ராசா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று
ஊரே சொல்லிச் சிரித்த காலம் ஒன்றிருந்தது.
சாமி சத்துவாச்சாரியில் இருந்தார்,
சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு
வெளியே குடியிருப்பவரைப்போல.
எண்பத்தொன்றில் திரும்பினார்.
பத்திரம் எங்கே என்று அவரிடம்
கேட்டவர்கள் கேட்டார்கள்,
அவர் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றரைக்குக் கொணவட்டம் ஹாஜிரா பீ வந்தார்.
அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம்.
ஓட்டு வீட்டில் தன் பங்கு, ரெண்டே கால் சதுரம்.
"பிரதிபலன் எவ்வளவும்மா?"
"ஒண்ணும் வேணாம்னு போடுங்க."
"இனி உரிமை கோரமாட்டேன்னு எழுதிடவா?"
குடை நுனியால் மண்ணைக் கிளறினார்.
"வந்து போற பாத்தியம் எனக்கிருக்குன்னு
ஒரு வரி சேத்துக்குங்க.
பெருநாளைக்கு மட்டும் போதும்."

முப்பத்தெட்டு வருஷத்தில்
இப்படியொரு ஷரத்து எழுதியதில்லை.
பதிவாளர் அடிப்பார் என்று தெரிந்தும் எழுதினேன்.
அடிக்கவில்லை. படிக்கவில்லையோ என்னமோ.

அஞ்சு மணிக்கு வெளியே வந்தார்,
இடது பெருவிரல் நீலமாக.
துடைக்கத் தாள் தேடினேன்,
கோட்டைப் பத்திரம்தான் கையில் அகப்பட்டது.
நீட்டுவதற்குள்
அகழிச் சுவர்க் கல்லில் ரெண்டு தேய்ப்பு தேய்த்துவிட்டு
கொணவட்டம் பஸ்ஸுக்கு ஓடினார்.

எழுந்து போய்ப் பார்த்தேன்.
முதல் தேய்ப்பு வெறும் மை.
ரெண்டாவதில், பாதிதான்,
ரேகை தெரிந்தது.