வரேல்லை

ஜெனீவாவிலிருந்து வந்தது பதினொரு பக்கம்.
தமிழாக்கத்துக்குப் பக்கக் கணக்கில் காசு வாங்குகிறவன் நான்.
இதற்குக் கேட்கவில்லை.

மேசைக்கு எதிரே இராசமலர்.
கோண்டாவில் உபதபால் கந்தோரில்
முப்பது வருஷம் திகதி குத்தியவ.
முத்திரை கிழியாமல்
உறையைக் கத்தரியால் வெட்டி வைத்திருந்தா.

வாசித்தேன்.
அரசு ஆட்சேபிக்கிறது:
உள்நாட்டுப் பரிகாரங்கள் முற்றாக நாடப்படவில்லை.
"எந்தப் பரிகாரியிட்ட நான் போகேல்லை?" என்றா.
சிரித்தோம்.
உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத் தவணை.
தம்பியைக் கொண்டுபோன அந்த மாதம்
கொழும்புக்குப் பாதை இல்லை,
கப்பலுக்குப் பாஸ் இல்லை,
கந்தோரில் முத்திரைக்கு மை இல்லை.
அதைக் குழு ஏற்றிருக்கிறது,
நாலாம் பக்கத்தில், பெருந்தன்மையோடு.

கதவு ஒன்பதாம் பக்கத்தில்தான்.
சம்பவம் உடன்படிக்கை அமலுக்கு வர முன்னம் நடந்தது.
முடிந்துபோன செயல்.
தொடரும் மீறல் என்பதற்கு
முறைப்பாட்டாளரின் வாக்குமூலத்திலேயே இடமில்லை.
ஆகவே காலத்தால் நியாயாதிக்கம் இல்லை.
ஆகவே ஏற்புடையதன்று.

அடிக்குறிப்பு: வாக்குமூலம், பந்தி ஆறு.
என் ஆங்கிலம். என் கையொப்பம்.

அன்றைக்கு அவ சொன்னது இவ்வளவுதான்:
"தயாபரன் வரேல்லை."

எப்ப வரேல்லை?
அன்று பின்னேரம் வரேல்லை.
போன தைப்பொங்கலுக்கு வரேல்லை.
இப்ப, நாங்கள் கதைக்கேக்க, வரேல்லை.
எங்கட மொழி இதைப் பிரித்துக் கேட்காது;
இல்லை என்ற சொல்லுக்குக் காலம் கிடையாது.
ஆங்கிலத்துக்கு வேணும்.
மத்தியானம், கரண்ட் இல்லை,
வெளியில் இன்னும் நாலுபேர் உறுதிகளோடு.
இறந்தகாலம் போட்டேன்.
ஒரு பின்னேரம் வராமல் விட்டு
அந்தப் பின்னேரத்தோடேயே அலுவல் முடிந்தமாதிரி.

"அப்ப, பிழை திகதியிலயோ?"
பெருவிரல் நகத்தில் இன்னும் ஊதா மை.
அதைப் பார்த்துக்கொண்டே கேட்டா.

"ஓம்" என்றேன்.

கீழே போட்டோக்கொப்பிக் கடையில்
ஆரோ காணி வரைபடம் பெருப்பிக்கிறார்கள்;
மெசின் வெளிச்சம் படிக்கட்டில் வந்து வந்து போனது.
நாலு படி இறங்கி நின்றா.
"திருப்பி எழுதலாமெண்டா எழுதுவம், தம்பி.
பதிவுத் தபாலில நானே போடுறன்.
ஆனா என்னட்டைச் சொல்ல
அதே சொல்லுத்தான் கிடக்கு."

"அதையே சொல்லுங்கோ, அக்கா" என்றேன்.
குரல் சரியாக வரவில்லை.
அவ படியேறி வந்து, கதிரையில் இருந்து,
கைப்பையை மடியில் வைத்து,
முதல்தரம் சொல்லுகிறமாதிரி சொன்னா.