இரண்டு மதிப்பெண்

பாளையங்கோட்டை. விடைத்தாள் திருத்தும் கூடம்.
பதினேழாம் கேள்வி:
‘ஆற்று மணலில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு எதன் குறியீடு?’
விடைக்குறிப்பு: தனிமை.
இழப்பு என்று எழுதினாலும் போடலாம்.

பெயர் மறைத்த இந்தத் தாள் சொல்கிறது:
‘அது இடது கால் செருப்பு.
அறுந்த வாரைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறது.
புதுசு வாங்கக் காசில்லாத ஆள்.
தேடிக்கொண்டு கட்டாயம் வருவார்.
யாரும் எடுக்க வேண்டாம்.’

‘என்ன வே, ரெண்டு மார்க்குக்கு இம்புட்டு நேரமா?’
முதன்மைத் தேர்வாளர் சுடலையாண்டி.

பாடப் புத்தகத்தைப் பிரித்தேன்.
கம்பி இருக்கிறது, மூன்றாம் வரியில்.
இருபத்தொரு வருஷமாக இதை நடத்துகிறேன்
கல்லிடைக்குறிச்சியில்.

இரண்டு போட்டுச் சுழித்தேன்.

சாயங்காலம் வராந்தாவில்
செருப்புகளுக்கு நடுவே நின்றேன்,
எது எந்தக் கால் என்று பார்த்துக்கொண்டு.