மார்ச் முப்பத்தொன்று வரை

நவம்பர் ஒன்பதாம் தேதி
கதவிலிருந்த தபால் துவாரத்தில் சாவியைப் போட்டேன்.
வெறுந்தரையில் அது விழுந்த சத்தம்
எனக்கு முடிந்தது என்று கேட்டது.
நகராட்சிக்கு அப்படிக் கேட்கவில்லை.

கிரிம்ஸ்பியில் ஒரு மாடி வீடு.
ஜன்னலோரம் தொடங்கிய கறுப்புப் பூஞ்சை
அக்டோபருக்குள் என் தலையணை வரை வந்திருந்தது.
நன்றாகத் திறந்து வையுங்கள், காற்று வரட்டும் என்றார்
வீட்டுக்காரர் மிஸ்டர் லம்லி.
முன்பணத்தை எடுத்துக்கொண்டார்.
பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இப்போது கிளீதோர்ப்ஸில் அக்கா வீடு.
சலவை இயந்திரத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவில் என் கட்டில்.
துணி சுழலும்போது நானும் கொஞ்சம் நடுங்குகிறேன்.
இருமல் நின்றுவிட்டது.

கடிதத்தில் மொத்தம் பதினொரு வரி.
பத்து வரி மரியாதை.
பதினொன்றாவதுதான் வரி:
மாதம் நூற்றிருபது பவுண்டு,
மார்ச் முப்பத்தொன்று வரை.

போன் செய்தேன். நாற்பது நிமிடம் பியானோ.
அப்புறம் லாயிட் என்றொரு குரல்,
ஜலதோஷத்தோடு.
நீங்கள் வெளியேறிவிட்டீர்கள் மேடம்,
உங்கள் ஒப்பந்தம் வெளியேறவில்லை.
நான் தனியாள், கால்பங்கு தள்ளுபடி உண்டே?
அது நீங்கள் அங்கே இருந்தபோது.
இப்போது?
இப்போது யாரும் இல்லையே, அதனால் முழு வரி.
சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் பேசாமல் இருந்தார்.
மூக்கை உறிஞ்சினார்.

ஆக, என் காசில்
அந்தத் தெருவிளக்கு எரிந்தது.
நான் போடாத குப்பையை
செவ்வாய்தோறும் வண்டி வந்து தேடியது.
யாருடைய வீடாவது தீப்பிடித்தால்
அணைக்கும் தண்ணீரில்
ஒரு குவளை என்னுடையது.
இப்படி நினைத்து இரண்டு மாதம் கட்டினேன்.
மூன்றாம் மாதம் இப்படி நினைக்க முடியவில்லை.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம்
பல் மருத்துவரிடம் போய்த் திரும்பும் வழியில்
பஸ் அந்தத் தெரு வழியாகச் சுற்றிப் போனது.
என் ஜன்னலில் வெளிச்சம்.
ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

இறங்கினேன். மணியடித்தேன்.
மீன் தொழிற்சாலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு ஒருவர்.
கிண்டாரஸ், லிதுவேனியாக்காரர்.
என் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது:
ரோனா ஸ்கேஃப்! ரோனா ஸ்கேஃப்!
உள்ளே ஓடிப்போய்
ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு கொண்டுவந்தார்.
பழுப்பு உறைகள், ஆறு. பிரிக்காதவை.
தேதி வாரியாக அடுக்கியிருந்தார்.
எல்லாம் உங்களுக்கு, என்றார்,
பரிசு கொடுப்பதுபோல.

எப்போது குடிவந்தீர்கள்?
ஜனவரி பன்னிரண்டு. மகளின் பிறந்தநாள்,
அதனால் மறக்காது.
வாடகை?
கையில், வெள்ளிக்கிழமை, மிஸ்டர் லம்லி வருவார்.

ஜனவரி பன்னிரண்டு.
படியிறங்கும்போது வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டேன்,
தொலைந்துவிடக் கூடாத பஸ் டிக்கெட்போல.
அன்றே மறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்றால்
அன்றோடு என் ஒப்பந்தம் தீர்ந்தது.
அன்றிரவே நகராட்சிக்கு எழுதினேன்.
லம்லியின் மேல் இருந்த கோபத்தில்
பேனா காகிதத்தைக் கிழித்தது.

ஐந்து வாரம் கழித்து பதில்.
எழுபத்தொன்பது நாள் கழிக்கப்படுகிறது,
முந்நூற்றுப் பதினொரு பவுண்டு அறுபத்தேழு பென்ஸ்.
அக்கா கேக் வாங்கி வந்தாள்.

கேக் வெட்டும்போதுதான் தோன்றியது:
கழித்ததை அவர்கள் எங்கே கூட்டியிருப்பார்கள்?
இதே காலையில், இதே பழுப்பு உறையில்,
இந்த முறை அவர் பெயரில்.
லம்லி பெயரில் இல்லை.
லம்லி பெயரில் எதுவுமே வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மணியடிக்கவில்லை.
ஒரு தாளில் எழுதியிருந்தேன்:
தனியாள் தள்ளுபடி கேளுங்கள், தானாகத் தரமாட்டார்கள்.
லாயிட் என்பவரைக் கேளுங்கள்.
கட்டிலை ஜன்னலைவிட்டுத் தள்ளிப் போடுங்கள்.

சாவி போட்ட அதே துவாரம்.
தாள் விழுந்தது கேட்கவில்லை.
கீழே என் பெயரை எழுதவில்லை.
எழுதியிருக்கலாம்.